கதிரொளியில் குரல் ஏற்றிய கிரகாம் பெல்

உலகம் போற்றும் விஞ்ஞான மேதைகளின் வரிசையிலே அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் என்னும் பெயரை அறியாதார் இலர். நம் காலனிப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுவனைக் கேட்டாலும், டெலிபோனைக் கண்டுபிடித்தவர் அவர் என்று தயங்காமல் சொல்லிவிடுவான். ஆயினும் அப்பெரியார் தம் வாழ்நாளின் தலையாய சாதனையாகக் கருதியது டெலிபோன் அன்று என்பதை நம்மிற் பலர் அறியோம். கம்பி ஏதுமின்றிச் சூரிய ஒளியின் மீதே மனிதக் குரலை ஏற்றி அனுப்பிய வேறொரு கருவியே தாம் கண்டவற்றுள் முதன்மையானது என்று அவர் கடைசிவரை எண்ணியிருந்தார். போட்டோபோன் என்பது அதற்கு அவர் இட்ட பெயர். நாம் அதனை ஒளிபேசி என அழைக்கலாம். அவர் காலத்தில் அக்கருவியால் எவருக்கும் ஒரு காசு லாபம் கிட்டியதில்லை. இன்றோ ஆகாயத்திற் சுற்றும் செயற்கைக் கோள்கள் அதே கொள்கையைக் கைக்கொண்டு, லேசர் ஒளியின் வாயிலாகப் பூமியுடன் பேசத் தொடங்கியிருக்கின்றன. ஆதலின் அன்னாருடைய சரிதத்தை, எல்லோரும் அறிந்த டெலிபோனைச் சற்றே ஒதுக்கி வைத்து, அந்த ஒளிபேசியை நடுநாயகமாகக் கொண்டு இம்மலரிற் சொல்ல முற்படுகிறேன்.

பெல் 1847-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3-ஆம் தேதி ஸ்காட்லாந்து நாட்டின் தலைநகராகிய எடின்பரோவிற் பிறந்தார். சகோதரர் மூவருள் இவர் நடுப்பிள்ளை. பாட்டனாரும் தந்தையும் பேச்சுக் கலையைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். தந்தை மெல்வில் பெல், மனிதன் எழுப்பக்கூடிய ஒலி எதுவாயினும் அதை எழுப்பும்பொழுது நாவும் இதழும் தொண்டையும் எந்நிலையில் இருக்கின்றன என்பதைக் காட்டும் குறியீட்டு எழுத்து முறை ஒன்றை வகுத்தவர். சபைகளில் அதை விளக்கும்போது பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, அங்குள்ளோர் எழுப்பிக் காட்டும் விசித்திர ஒலிகளை அவர் குறியீட்டில் எழுதுவார். திரும்பி வரும் பிள்ளைகள், தாங்கள் காதாற் கேளாத அவ்வொலியை எழுத்தைப் பார்த்தே பிசகாமல் எழுப்பிக் காட்டுவார்கள். ஒலிக்கு ஒரு வடிவம் உண்டு, அதைக் கண்ணாற் காணவும் முடியும் என்ற எண்ணம் இளமையிலேயே பெல்லின் உள்ளத்தில் வேரூன்றியது இவ்வாறுதான்.

தாயார் எலைஸாவுக்கோ காது கேளாது. ஆயினும் பியானோ வாசிப்பதில் வல்லவர். மற்றவர்கள் ஊதுகுழல் போன்ற காதுக் குழாயிற் கத்திப் பேசுவார்கள். பெல் மட்டும் தாயின் நெற்றிக்கு அருகில் வாயை வைத்துத் தணிந்த குரலிற் பேசுவார். குரலின் அதிர்வு எலும்பு வழியே அவ்வம்மையாருக்கு எட்டும் என்பது அச்சிறுவனின் கண்டுபிடிப்பு. அவருடைய முதற் கண்டுபிடிப்பு இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது. ஏட்டிற் பதிவானது வேறு. நண்பன் ஒருவனுடைய தந்தை நடத்திய மாவு மில்லில் கோதுமையின் உமியை நீக்குவதற்காகத் தம் 12-ஆம் வயதில் ஒரு பொறியை அமைத்தார். அது சில ஆண்டுகள் அங்கே உழைத்தது. பின்னர்த் தமையனுடன் சேர்ந்து ரப்பர் நாக்கும் துருத்தியும் கொண்ட பேசும் பொம்மைத் தலை ஒன்றைச் செய்தார். அது அம்மா என்பதுபோல் அழுததைக் கேட்டு, எங்கோ குழந்தை அழுகிறதென்று அண்டை வீட்டார் தேடி வந்தார்களாம்.

குடும்பத்தில் இடி விழுந்தது. 1867-இல் தம்பியும் 1870-இல் தமையனும் காசநோய்க்கு இரையாயினர். எஞ்சிய ஒரே மகனையாவது காப்பாற்றவேண்டும் என்று பெற்றோர் வீடு வாசலை விற்று, 1870-இல் கடல் கடந்து கனடாவிலுள்ள பிரான்ட்போர்ட் என்னும் ஊர்ப்புறத்திற் குடியேறினார்கள். பிழைப்புக்காகவும் உடல்நலத்துக்காகவும் பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் வேர்விடுவது எத்தகையது என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்கு நான் விளக்கவேண்டுவதில்லை. மறு ஆண்டே பெல் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகருக்குச் சென்று, காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுக் கற்பிக்கும் ஆசிரியரானார். 1873-இல் பாஸ்டன் சர்வகலாசாலையிற் குரலியற் பேராசிரியர் பதவியும் கிட்டியது.

பகலெல்லாம் பாடம், இரவெல்லாம் பரிசோதனை. ஒரே தந்திக் கம்பியில் ஒரே சமயத்திற் பல செய்திகளை, வெவ்வேறு சுருதிகளாக அனுப்ப முடியுமா என்பதே அவருடைய ஆராய்ச்சி. இதற்குத் தூண்டுகோலாய் அமைந்தது ஒரு பிழை என்பது வேடிக்கை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் மின்சாரத்தைக் கொண்டு இசைக்கவைகளை அதிரச் செய்து உயிரெழுத்தொலிகளை உண்டாக்கியிருந்தார். ஜெர்மன் மொழியிற் போதிய பயிற்சியில்லாத பெல், அந்நூலைப் பார்த்துவிட்டு, உயிரொலிகளைக் கம்பி வழியே அனுப்பிவிட்டார்கள் என்று தவறாக விளங்கிக்கொண்டார். உயிரொலி போகுமாயின் மெய்யொலியும் போகும், பேச்சே போகும் என்று அவர் மனம் கணக்கிட்டது. அந்நூலைப் பிழையறப் படித்தவர் எவருக்கும் அத்துணிவு வந்திராது.

1875-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் உதவியாளர் வாட்ஸன் ஒட்டிக்கொண்ட உலோக நாக்கு ஒன்றைச் சுண்டிவிட, அடுத்த அறையிலிருந்த பெல்லின் செவியில் அவ்வொலி கம்பி வழியே விழுந்தது. மறு ஆண்டு பிப்ரவரி 14-இல் அவர் சார்பிற் பேட்டன்ட் மனு தாக்கலாயிற்று. அதே நாளில் எலிஷா கிரே என்பவரும் அதே பொருள் பற்றி முன்னறிவிப்பு மனு ஒன்றைத் தாக்கல் செய்தார். யார் முந்தி, யார் பிந்தி என்று இன்றளவும் வழக்காடுவோர் உளர். மார்ச் 7-இல் பேட்டன்ட் வழங்கப்பெற்றது. மூன்றே நாட்களில், மார்ச் 10-ஆம் தேதி, பெல் கருவியில் அழைக்க, வேறோர் அறையிலிருந்த வாட்ஸன் வார்த்தைகள் தெளிவாய்க் கேட்டு ஓடி வந்தார். அவ்வாண்டு ஜூன் மாதம் பிலடெல்பியா பொருட்காட்சியில் நடுவர்கள் வெயிலிற் களைத்துக் கலையவிருந்த வேளையில், பிரேஸில் நாட்டுச் சக்கரவர்த்தி பெட்ரோ, முன்பு பாஸ்டனிற் சந்தித்த இவ்வாசிரியரை அடையாளம் கண்டு அருகே வந்ததும், பின்னர்க் குழாயைக் காதில் வைத்து அதிசயித்ததும் பள்ளிப் புத்தகங்களிலேயே உள்ள செய்திகள்.

டெலிபோனுக்கு உரிமை கோரி எழுந்த வழக்குகள் ஏறத்தாழ 600. அவை அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் வரை சென்று, 1888-இல் பெல் தரப்புக்கே தீர்ப்பாயின. இருந்தும் நியாயம் கருதி ஒன்றைச் சொல்லவேண்டும். அன்டோனியோ மியூச்சி என்னும் இத்தாலியர் 1871-இலேயே பேசும் தந்தி பற்றி முன்னறிவிப்பு மனு கொடுத்திருந்து, வறுமையால் அதைப் புதுப்பிக்க இயலாது போனார். அவருடைய உழைப்பைப் பாராட்டி அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2002-இல் தீர்மானம் நிறைவேற்றியது. பெரிய கண்டுபிடிப்பு எதுவும் ஒரே தலையில் உதிப்பதில்லை போலும்.

இனி அவருடைய இல்லறம். ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்த ஹப்பர்ட் என்னும் வழக்கறிஞரின் மகள் மேபெல், பெல்லிடம் பேச்சுப் பயின்ற மாணவி. ஐந்து வயதில் விஷக் காய்ச்சல் கண்டு செவிப்புலனை அடியோடு இழந்தவர். பிறர் இதழசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். 1877 ஜூலை 11-ஆம் நாள் இருவருக்கும் திருமணம் நடந்தது. அன்று மணமகளுக்கு மணமகன் அளித்த பரிசு, டெலிபோன் கம்பெனியில் தமக்கிருந்த 1,497 பங்குகளுள் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவை அனைத்தும். உலகத்தையே பேசவைத்த அக்கருவியில் தம் கணவரின் குரலை அவ்வம்மையார் ஒருநாளும் கேட்டதில்லை என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். காது கேளாத தாய், காது கேளாத மனைவி. ஒலியை வேறொன்றாக மாற்றி, மீண்டும் ஒலியாக்குவது பற்றியே அவர் ஓயாது சிந்தித்ததில் வியப்பில்லை.

ஒளிபேசியின் கதைக்கு வருவோம். செலினியம் என்பது கந்தகத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு மூலப்பொருள். இருட்டில் மின்சாரத்தை அரிதாகவே செல்லவிடும். வெளிச்சம் பட்டாலோ தாராளமாகச் செல்லவிடும். இவ்வியல்பை 1873-இல் வில்லோபி ஸ்மித் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்டார். 1878-இல் தேனிலவுப் பயணமாக இங்கிலாந்திலிருந்த பெல்லின் கருத்தை இச்செய்தி கவ்வியது. வெளிச்சம் கூடக் குறைய மின்சாரம் கூடிக் குறையுமாயின், குரலுக்கேற்ப வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தால் மின்சாரமும் அவ்வாறே ஆடுமன்றோ? அம்மின்சாரத்தை டெலிபோனிற் செலுத்தினால் குரல் திரும்பக் கிடைக்குமன்றோ? அப்பொழுது நடுவிற் கம்பி எதற்கு?

வாஷிங்டன் நகரத்து எல் வீதியில் ஒரு கட்டடத்தை ஆராய்ச்சிச் சாலையாக்கிக்கொண்டு, சார்லஸ் ஸம்னர் டெயின்டர் என்னும் கைதேர்ந்த கருவி வினைஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். பல வகைகளை முயன்று, இறுதியில் அவர்கள் கண்ட உபாயம் மிக எளியது. காகிதம் போல மெல்லிய கண்ணாடித் தகட்டுக்கு வெள்ளிப் பூச்சுப் பூசி ஆடியாக்கினார்கள். அதன் முதுகுப்புறம் பேசுகுழாய். முன்புறம் லென்ஸினாற் குவித்த சூரிய ஒளி விழும். குழாயிற் பேசும்பொழுது ஆடி அதிர்ந்து நொடிக்கு நொடி குழிந்தும் குவிந்தும் வளையும். அதற்கேற்ப அதிலிருந்து பிரதிபலித்துப் போகும் ஒளிக்கற்றை விரிந்தும் சுருங்கியும் ஆடும். தொலைவிலிருக்கும் கிண்ணம் போன்ற பெரிய ஆடி அவ்வொளியை வாங்கித் தன் குவியத்திலுள்ள செலினியத்தின் மேற் பாய்ச்சும். செலினியத்தோடு ஒரு பாட்டரியும் டெலிபோன் காதுக்குழலும் பிணைக்கப்பட்டிருக்கும். அவ்வளவே. பேசுகிற முனையில் மின்சாரம் என்பதே கிடையாது. சூரியனும் ஓர் ஆடியும் மனிதக் குரலும் போதும்.

1880 பிப்ரவரி 19-ஆம் நாள் ஆராய்ச்சிச் சாலைக்குள்ளேயே ஒளி பேசியது. அதற்கு நான்கு நாள் முன்புதான் பெல் தம்பதியருக்கு இரண்டாவது பெண் குழந்தை பிறந்திருந்தது. மகிழ்ச்சி மேலிட்ட தந்தை அக்குழந்தைக்கு போட்டோபோன் என்றே பெயரிட விரும்பினார். நல்ல வேளையாக மேபெல் அம்மையார் அதற்கு இசையவில்லை. குழந்தை மேரியன் ஆயிற்று.

அவ்வாண்டிலேயே வெட்டவெளியில் பரீட்சை நடந்தது. பிராங்க்லின் பள்ளிக்கூடத்தின் உச்சியில் டெயின்டர் நின்றார். எல் வீதிச் சாலையின் ஜன்னலருகே பெல். இடையே 213 மீட்டர் தொலைவு. குரல் கேட்டால் ஜன்னலுக்கு வந்து தொப்பியை ஆட்டும்படி டெயின்டர் ஒளியின் வழியே சொல்லி அனுப்பினார். பெல் தொப்பியை ஆட்டினார். மார்க்கோனி கம்பியில்லாத் தந்தியைக் காண்பதற்குச் சுமார் 15 ஆண்டுகள் முன்னரே கம்பியின்றி மனிதக் குரல் ஒரு வீதியைக் கடந்துவிட்டது. ஆகஸ்ட் மாதம் பாஸ்டனில் கூடிய விஞ்ஞானிகள் மகாசபையில் அவர் இதை விளக்கினார். டிசம்பரில் பேட்டன்டும் கிடைத்தது. ஆராய்ச்சியின்போது வேறொன்றும் புலப்பட்டது. விட்டு விட்டுப் பாயும் ஒளி படும்போது பல பொருள்கள் தாமே ஒலியெழுப்பின. கரி படிந்த பொருளில் அது நன்றாகக் கேட்டது. அக்காலத்தில் விளையாட்டாகத் தோன்றிய அவ்வுண்மை இன்று உடலின் உட்பகுதிகளைப் படம் பிடிக்கும் மருத்துவ ஆராய்ச்சியிற் பயன்படுகிறது.

வெளிச்சத்தால் சேதி அனுப்புவது அதற்கு முன் இல்லாத ஒன்றன்று. 1794-இல் பிரெஞ்சு நாட்டில் கோபுரத்துக்குக் கோபுரம் மரக் கைகளை ஆட்டிக் காட்டும் தந்தி முறை இருந்தது. நம் இலாகாவின் கைகாட்டிக்கு அதுவே மூதாதை. கராச்சியில் வேலை பார்த்த ஹென்றி மான்ஸ் என்னும் தந்தி இலாகா அதிகாரி, ஆடியாற் சூரிய ஒளியை மினுக்கிச் சேதி சொல்லும் ஹீலியோகிராப் கருவியை 1869-இல் அமைத்தார். இந்தியப் பட்டாளம் அதை ஆப்கானிஸ்தான் மலைகளிற் பயன்படுத்தியது. ஆனால் இவையெல்லாம் குறிகள். பேச்சே ஒளியில் ஏறியது பெல்லின் கைவண்ணத்தால்.

பிறகு ஏன் ஒளிபேசி வழக்கத்துக்கு வரவில்லை? காரணம் விஞ்ஞானம் அறியாதவருக்கும் விளங்கும். மேகம் வந்தால் பேச்சு நின்றுவிடும். மழை, பனி, தூசு யாவும் பகை. இரவில் சூரியன் இல்லை. தொலைவு செல்லச் செல்ல ஒளி மங்கும். மங்கியதைப் பெருக்கித் தரும் வால்வு போன்ற சாதனம் அன்று பிறக்கவில்லை. வடநாட்டில் மார்கழி தை மாதங்களில் நம் டிரைவர்கள் சிக்னல் விளக்கைத் தேடித் தவிப்பதை அறிந்தவர்களுக்கு இதை விரித்துரைப்பானேன்? கண்ணுக்கு எட்டாத சிக்னலுக்காகத் தண்டவாளத்தின் மேல் வெடி வைத்து ஓசையால் எச்சரிக்கும் வழக்கத்தை நம்மவர் கைக்கொண்டதும் பனி ஒளியை விழுங்கிவிடுவதால்தான். கம்பெனிக்காரர்கள் கணக்குப் பார்த்தார்கள். கம்பி வழி டெலிபோன் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. 1882 ஜனவரியிலேயே கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் எக்ஸ்சேஞ்சுகள் திறக்கப்பட்டுவிட்டன. மேகத்தைக் கண்டு அஞ்சும் கருவியை யார் வாங்குவார்? ஜெர்மனியில் எர்னஸ்ட் ரூமர் என்பவர் பின்னாளில் விளக்கொளியைக் கொண்டு சில மைல் தூரம் வரை அதை நீட்டியதோடு சரி. ஒளிபேசி காட்சிச்சாலைப் பொருளாயிற்று.

பெல்லின் வாழ்வு அதன் பிறகும் 40 ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டார். உடலில் தங்கிய குண்டு எங்கே என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. பெல் இராப்பகலாய் உழைத்து, உலோகம் அருகிலிருந்தால் ஒலிக்கும் கருவி ஒன்றைச் செய்து கொண்டுபோனார். கட்டிலின் எஃகுச் சுருள்கள் குறுக்கிட்டமையாலும், டாக்டர்கள் ஒரு பக்கத்தை மட்டுமே தேட அனுமதித்தமையாலும் குண்டு அகப்படவில்லை. செப்டம்பரில் ஜனாதிபதி காலமானார். இம்முயற்சியில் அவர் ஈடுபட்டிருந்த ஆகஸ்ட் மாதத்திலே, குறைமாதத்திற் பிறந்த அவருடைய ஆண் குழந்தை மூச்சுவிட இயலாமல் சில மணி நேரத்தில் இறந்துபோயிற்று. அத்துயரத்தினின்றும் பிறந்தது மார்பைச் சுற்றிப் பொருத்திக் காற்றை இழுத்துச் சுவாசிக்கச் செய்யும் உலோகக் கவசம். பின்னாளில் வந்த இரும்பு நுரையீரல் என்னும் எந்திரத்துக்கு அது முன்னோடி.

கண்ணும் காதும் இழந்த ஹெலன் கெல்லர் என்னும் சிறுமியைத் தந்தை 1886-இல் அழைத்துக்கொண்டு வந்தபோது, மடியில் அமர்த்தித் தம் கைக்கடியாரத்தின் மணியதிர்வைத் தொட்டு உணரவைத்து, தக்க பள்ளிக்கு வழிகாட்டியவர் பெல்லே. பின்னர்ப் புகழ்பெற்ற அவ்வம்மையார் தம் சுயசரிதத்தை அவருக்கே காணிக்கையாக்கினார். ஆனால் இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. காது கேளாதோர் சைகை மொழியை விட்டுப் பேச்சையே கற்கவேண்டும் என்பதில் பெல் பிடிவாதமாயிருந்தார். அவர்கள் தங்களுக்குள்ளேயே மணம் புரிவதையும் 1883-இல் குறை கூறி எழுதினார். கையாற் பேசுவதே தங்கள் தாய்மொழி என்று கொண்ட மக்களுக்கு இது பெருந்தீங்காய் முடிந்தது. பல பள்ளிகளிற் சைகை தடுக்கப்பட்டது. இன்றும் அச்சமூகத்தார் அவரை மன்னிக்கவில்லை. வேற்றூரில் இருந்துகொண்டு பிள்ளைகளின் வாயில் தாய்மொழி தங்கவேண்டுமே என்று ஞாயிறுதோறும் வகுப்பு நடத்தும் நமக்கு அவர்களுடைய மனக்குறை புரியாமற் போகாது. அன்பு மிகுந்தவரும் இவ்வாறு பிழைபட்டார் என்றே கொள்ளவேண்டும்.

கனடாவின் கீழ்க்கோடியில் பெடெக் என்னும் ஏரிக்கரை ஊரில் மலைமேல் மாளிகை கட்டிக்கொண்டு அவர் பிற்காலத்தைக் கழித்தார். முக்கோணக் கூடுகளால் ஆன பெரிய பெரிய பட்டங்களைப் பறக்கவிட்டார். மேபெல் அம்மையாரின் பொருளுதவியால் 1907-இல் நிறுவிய விமானச் சங்கத்தின் சில்வர் டார்ட் என்னும் விமானம், 1909 பிப்ரவரி 23-இல் உறைந்த ஏரியின் மீதிருந்து எழும்பிப் பறந்தது. நீரின் மேல் எழும்பி விரையும் படகு ஒன்று 1919-இல் மணிக்கு 70 மைலுக்கு மேல் ஓடிச் சாதனை படைத்தது. அப்பொழுது அவருக்கு வயது 72. வீட்டிலோ, தம் படிப்பறையில் டெலிபோன் மணி அடிப்பதை அவர் விரும்புவதில்லை.

1922 ஆகஸ்ட் 2-ஆம் நாள் நீரிழிவு நோயின் விளைவாக மாளிகையிலேயே மேபெலின் கையைப் பற்றியவாறு உயிர் நீத்தார். அவரை நல்லடக்கம் செய்த வேளையில் வட அமெரிக்கா முழுவதும் டெலிபோன்கள் ஒரு நிமிஷம் மௌனம் காத்தன. சுமார் ஐந்து மாதத்தில் மேபெல் அம்மையாரும் மறைந்தார்.

காட்சிச்சாலையில் உறங்கிய ஒளிபேசியின் கொள்கைக்கு மறுபிறப்பு 1960-இல் வந்தது. அவ்வாண்டு மே மாதம் தியோடர் மைமன் என்பவர் முதல் லேசர் ஒளியை எழுப்பினார். சூரிய ஒளி பல நிறக் கலப்பு, நாற்புறமும் சிதறும். லேசரோ ஒரே நிறம், ஒரே ஒழுங்கு, சிதறாத கற்றை. மேகத்துக்கும் மழைக்கும் அஞ்சாமலிருக்க, ஒளியை முடி போன்ற கண்ணாடி இழைக்குள் அடைத்து அனுப்பும் வழியை 1966-இல் சார்லஸ் காவோ எடுத்துரைத்தார். நம் ரயில் பாதையோரம் மண்ணுக்குள் ஓடும் கேபிள்களுள் அத்தகைய இழைகள் உண்டு. ஊரிலுள்ள பெற்றோருடன் பேச, இரவு நேரக் கட்டணச் சலுகைக்காக எஸ்.டி.டி. பூத்தின் வாசலில் வரிசையாய் நின்ற காலம் நம்மில் நாற்பது வயது கடந்தவர்களுக்கு மறந்திராது. இன்று கைப்பேசியில் அவர்கள் முகத்தையே காண்கிறோம். அம்முகம் நம்மிடம் வரும் வழியின் பெரும்பகுதி ஒளியின் வழியே.

ஆனால் ஆகாயத்திற் சுற்றும் செயற்கைக் கோளுக்கு இழை கட்டமுடியாது. அங்கே பெல்லின் வெட்டவெளி முறையே வேண்டும். ரேடியோ அலை போதாதா எனின், அது விரிந்து பரவுவது, கொள்ளளவும் குறைவு. குறுகிய லேசர் கற்றை பன்மடங்கு செய்தியைச் சுமக்கும். 2013 அக்டோபரில் சந்திரனைச் சுற்றிய அமெரிக்க விண்கலம் ஒன்று, சுமார் 3,85,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வினாடிக்கு 62 கோடியே 20 லட்சம் பிட் என்ற வேகத்தில் லேசர் வழியே செய்தி அனுப்பியது. 2022 மேயில் ஏவப்பட்ட டீபேர்டு என்னும் கருவி ஒரு சிறு அட்டைப்பெட்டி அளவே இருந்தது. அடுத்த ஆண்டு வினாடிக்கு 20,000 கோடி பிட் வேகத்தை அது எட்டியது. தலைக்கு மேல் கடந்து செல்லும் ஐந்தாறு நிமிஷத்துக்குள் மலைமலையாய்ச் செய்தியை இறக்கிவிட்டுப் போயிற்று.

வேகம் ஒருபுறமிருக்க, பழைய பகைகள் அப்படியே இருக்கின்றன. மேகம் மேகந்தான். ஆதலால் 2021 டிசம்பரில் ஏவப்பட்ட வேறொரு லேசர் கோளுக்காகக் கலிபோர்னியாவில் ஒன்றும் ஹவாய்த் தீவின் மலையுச்சியில் ஒன்றுமாக இரண்டு தரை நிலையங்கள் அமைத்தார்கள். ஓரிடத்தில் வானம் மூடினால் மற்றோரிடத்திலாவது திறந்திருக்கும். தெளிந்த வானத்திலும் காற்றின் வெப்பச் சலனம் ஒளியைத் துடிக்கவைக்கும். விண்மீன் மினுக்குவதும் அதனாலன்றோ? அதற்குத் தரை நிலையத்தில் வளையக்கூடிய மெல்லிய ஆடி ஒன்றை வைத்து, காற்று ஒளியைக் கோணச் செய்யுந்தோறும் அதற்கு எதிராக ஆடியை நொடிக்குப் பலமுறை வளைத்து நேராக்குகிறார்கள். பெல் தம் குரலினால் ஆடியை வளைத்துச் சேதியை ஒளியில் ஏற்றினார். இவர்கள் ஆடியை வளைத்துக் காற்றின் குறும்பை ஒளியிலிருந்து இறக்குகிறார்கள்.

அப்படியும் சில துண்டுகள் வழியில் தொலையும். டீபேர்டு அதற்குக் கையாண்ட வழி நம் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா எவருக்கும் புதிதன்று. ஒவ்வொரு உருப்படிக்கும் இலக்கம் இடுவோம். சேருமிடத்தில் வே-பில்லோடு ஒத்துப் பார்ப்பார்கள். வராத இலக்கத்தைக் குறித்து உடனே தகவல் அனுப்புவார்கள். அவ்வாறே தரை நிலையம் வந்து சேராத துண்டுகளின் இலக்கத்தை மேலே சொல்லியனுப்ப, கோள் அவற்றை மட்டும் மறுபடி அனுப்பிற்று. நம்மிடம் தொலைந்த மூட்டை கிடைக்க மாதக்கணக்கில் ஆவதுண்டு. அங்கே கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. அவ்வளவே வேற்றுமை.

2023 டிசம்பரில் சைக்கி என்னும் விண்கலம் 3 கோடியே 10 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, ஒரு பூனை விளையாடும் சலனப் படத்தை லேசரில் அனுப்பியது. பாலோமர் மலையிலுள்ள 200 அங்குல ஹேல் தொலைநோக்கி அதனை வாங்கியது. ஒளி வந்து சேர 101 வினாடிகள் ஆயின. நம் நாட்டிலும் 2021 மார்ச்சில், ஆமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தார் இரு கட்டடங்களுக்கிடையே 300 மீட்டர் வெட்டவெளியில் ஒளித்துகள்களைச் செலுத்தி, ஒற்றர் எவரும் புகமுடியாத மறைகுறிச் செய்தித் தொடர்பைப் பரிசோதித்துக் காட்டினார்கள். டெயின்டருக்கும் பெல்லுக்கும் இடையே இருந்த தொலைவைவிட அது சற்றே அதிகம்.

டெயின்டர் ஏறி நின்ற பிராங்க்லின் பள்ளிக் கட்டடம் இன்றும் வாஷிங்டனில் செங்கல் மாறாமல் நிற்கிறது. பெல்லின் நூற்றாண்டு நிறைந்த 1947 மார்ச் 3-ஆம் நாளைக் குறித்து, ஒளியில் முதன்முதலாகக் குரல் சென்றதைத் தெரிவிக்கும் பலகை ஒன்று அங்கே பதிக்கப்பட்டது. 2020 அக்டோபர் முதல் அக்கட்டடத்தில் சொற்களுக்கும் மொழிகளுக்குமென ஒரு காட்சிச்சாலை நடந்து வருகிறது.